பெயின்ட் அடிக்க யார் காசு கொடுப்பது?

1928, அக்டோபர் 10. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நியூகாஸில் நகரம். இருபதாயிரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லீவு. ராஜா ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் குதிரை பூட்டிய சாரட்டில் வந்து இறங்குகிறார்கள். சினிமா அப்போதுதான் பேசவே ஆரம்பித்திருந்தது. மூவிடோன் செய்திப்பட ஆட்கள் ராஜாவின் பேச்சை ஒலியோடு பதிவு செய்ய மைக்கும் கேமராவுமாகக் காத்திருக்கிறார்கள். பேச்சு முடிகிறது, கைதட்டல், பேண்டு வாத்தியம். புதுப் பாலத்தில் முதல் சவாரி ராஜாவுடையது.

அதுதான் டைன் பாலம். டைன் நதிக்கு இந்தப் பக்கம் நியூகாஸில், அந்தப் பக்கம் கேட்ஸ்ஹெட். இரண்டு கரையிலும் காலை ஊன்றிக்கொண்டு, வானவில்லைக் கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி ஒரு எஃகு வளைவு. 162 மீட்டர் அகலத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் தாண்டுகிறது. வளைவின் உச்சி தண்ணீரிலிருந்து 59 மீட்டர். வண்டி போகிற பாதை அந்த வளைவிலிருந்து தொங்குகிறது. உடம்பெல்லாம் பச்சை பெயின்ட். அந்த பெயின்ட்கூட வெளியூர் சரக்கு இல்லை, எதிர்க்கரை கேட்ஸ்ஹெட்டில் தயாரானதுதான்.

படத்தைப் பார்த்தால், ‘அட, இது சிட்னி பாலம் இல்லையா?’ என்று கேட்பீர்கள். கேட்டால் தப்பில்லை. இரண்டும் ஒரே ஜாடை. ஜாடை மட்டுமல்ல, பெற்றவர்களும் ஒரே ஆள்தான். டார்மன் லாங் என்கிற கம்பெனி. நியூகாஸிலுக்குத் தெற்கே மிடில்ஸ்பரோ என்று ஓர் ஊர். பார்க்கிற பக்கமெல்லாம் உருக்கு உலை, புகை, இரும்பு. அந்த ஊரில் 1875-ல் டார்மன் என்பவரும் லாங் என்பவரும் கூட்டாக ஆரம்பித்த கம்பெனி அது.

இதில் யார் அக்கா, யார் தங்கை என்பதில் ஒரு குழப்பம் உண்டு. ‘டைன் பாலத்தைச் சின்னதாகக் கட்டிப் பார்த்து, கை பழகிய பிறகு சிட்னியில் பெரிதாகக் கட்டினார்கள்’ என்று நியூகாஸில்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிட்னி கான்ட்ராக்டில் கையெழுத்தானது 1924 மார்ச்சில். டைன் கான்ட்ராக்ட் அதே வருஷம் டிசம்பரில். அதாவது முதலில் நிச்சயமானது சிட்னி, முதலில் பிறந்தது டைன். சின்னது என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டுக்கும் மூத்ததாக நியூயார்க்கில் ‘ஹெல் கேட்’ என்று ஒரு ரயில் பாலம் உண்டு. 1916-ல் கட்டி முடித்தது. ஜாடை அங்கேயிருந்து வந்தது.

சிட்னியின் கணக்கு வேறு. வளைவு 503 மீட்டர். டைனைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மொத்த எஃகு 52,800 டன். ரிவிட் மட்டும் அறுபது லட்சம். ஒவ்வொன்றையும் உலையில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து ஒருத்தர் வீச, இன்னொருத்தர் அந்தரத்தில் நின்றுகொண்டு வாளியில் பிடிக்க, மூன்றாவது ஆள் ஓட்டையில் சொருக, இரண்டு பக்கமும் அடித்துச் சப்பையாக்க வேண்டும். கீழே கடல். பெல்ட், கயிறு, ஹெல்மெட் என்றெல்லாம் எதுவும் கிடையாது. சிட்னியில் வேலை முடிவதற்குள் 16 பேர் செத்துப் போனார்கள். டைனில் ஒருவர். சாரம் கட்டுகிற தொழிலாளி, நாலு பிள்ளைகளின் தகப்பன். வளைவின் இரண்டு பாதிகளும் ஒன்றுசேர ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது.

‘பாதிகள் சேருவது’ என்றால் என்ன? ஆர்ச்சில் உள்ள வினோதமே அதுதான். முழுசாக முடிகிற வரைக்கும் அது ஆர்ச்சே இல்லை. நம் வீட்டு வாசல் வளைவைக் கொத்தனார் எப்படிக் கட்டுகிறார்? கீழே முட்டுக் கொடுத்து, கல் வைத்து, கடைசிக் கல்லைச் செருகிய பிறகு முட்டை உருவுகிறார். நதியிலும் கடலிலும் முட்டுக் கொடுக்க முடியாதே? அதனால் இரண்டு கரையிலிருந்தும் பாதிப் பாதியாக வளைவை நீட்டிக்கொண்டே போனார்கள். நீட்டிய பாதி தண்ணீரில் விழாமல் இருக்க, பின்பக்கம் கேபிள் போட்டு இழுத்துக் கட்டினார்கள். சிட்னியில் ஒவ்வொரு பாதிக்கும் 128 கேபிள்கள். குதிரை லாடம் மாதிரிப் பாறையைக் குடைந்து, அதற்குள் நுழைத்துக் கட்டிய கேபிள்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேபிளைத் தளர்த்தி, 1930 ஆகஸ்ட் 19-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பாதியையும் முட்ட வைத்தார்கள். முட்டிய பிறகுதான் அது ஆர்ச். இனி கேபிள் வேண்டாம், யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். பாரம் ஏற ஏற இரண்டு பக்கமும் பாறையில் போய் அழுந்திக்கொண்டு, தானே தன்னை இறுக்கிக்கொள்ளும்.

இரண்டு பாலத்துக்கும் பக்கத்தில் கோபுரம் மாதிரிக் கம்பீரமாகக் கல்தூண்கள் நிற்கின்றன, பார்த்திருப்பீர்கள். சிட்னியில் 89 மீட்டர் உயரம். ‘அதுதான் தாங்குகிறது போல’ என்று பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டும் என்பதற்காகக் கட்டியது! அது ஒரு கிலோ பாரத்தைக்கூடத் தாங்கவில்லை. கல்யாண வீட்டில் வேஷ்டி சரசரக்க முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மாதிரி. வேலையெல்லாம் வேறு ஆட்கள் செய்வார்கள். டைன் கோபுரங்களின் கதை இன்னும் தமாஷ். உள்ளே ஐந்து மாடி கிடங்கு, சரக்கு ஏற்றி இறக்க லிஃப்ட் என்று திட்டம். கோபுரம் எழும்பியது, வெளியே அருமையான கிரானைட் வேலைப்பாடு. மாடித் தளங்களைக் கடைசிவரை போடவே இல்லை. நூறு வருஷமாக உள்ளே காலி.

சிட்னி திறப்பு விழாவைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். 1932 மார்ச் 19. மாநில பிரதமர் ஜாக் லாங் ரிப்பன் வெட்டத் தயாராகிறார். அவர் இடதுசாரி. திடீரென்று ராணுவ உடுப்பில், குதிரை மேல், ஒருத்தர் பாய்ந்து வருகிறார். பெயர் டி குரூட். ‘நியூ கார்டு’ என்கிற வலதுசாரி அமைப்பின் ஆள். உறையிலிருந்து வாளை உருவி, லாங்குக்கு முன்னால் ரிப்பனைச் சரக்கென்று அறுத்துவிட்டார்! போலீஸ் அவரைக் குதிரையிலிருந்து இறக்கி இழுத்துக்கொண்டு போனது. அறுந்த ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டி, லாங் மறுபடியும் வெட்டினார். டி குரூட்டுக்கு ஐந்து பவுண்டு அபராதம், செலவுத் தொகை தனி. ரிப்பன் வெட்டுவதற்கு அரசியலில் எவ்வளவு கிராக்கி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் பாருங்கள், ஒரு பாலத்துக்கு இரண்டாவது கோட் பெயின்ட் அடிக்கிற அன்றைக்கு வாளோடு எவனும் குதிரையில் வரமாட்டான்.

இனி அந்த பெயின்ட் விவகாரத்துக்கு வருவோம்.

இரும்புப் பாலம் எப்படிக் கிழடாகிறது? லாரி ஏறி ஏறி அலுத்துப் போய் என்று நினைக்கிறோம். அது ஓரளவுக்குத்தான் உண்மை. ஆர்ச்சைப் பொறுத்தவரை, வளைவு முழுக்க அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தத்தில் இருக்கிற இரும்பு அவ்வளவு சுலபத்தில் விரிசல் விடாது. வளைவிலிருந்து பாதையைத் தாங்கித் தொங்கும் உறுப்புகளும், பாதைக்கு அடியில் குறுக்கே ஓடும் உத்திரங்களும்தான் இழுபட்டும் வளைந்தும் உழைக்கின்றன. பாலத்தைப் பரிசோதிக்க வருகிற இன்ஜினீயர் நம்மைப் போல அண்ணாந்து வளைவைப் பார்த்து வாய் பிளப்பதில்லை. குனிந்து, பாதைக்கு அடியில் டார்ச் அடிக்கிறார்.

டார்ச் வெளிச்சத்தில் அவர் தேடுவது தண்ணீர். மழை பெய்து வடிந்து போகிற தண்ணீர் இல்லை. போகாமல் தங்கிவிட்ட தண்ணீர். பழைய பாலங்களில் ஒரே வார்ப்பாக எதுவும் கிடையாது. தகட்டின் மேல் தகடு, அதற்கு மேல் மூலைத்தகடு, எல்லாவற்றையும் சேர்த்து ரிவிட் அடித்திருப்பார்கள். டைனில் அப்படி ஏழே முக்கால் லட்சம் ரிவிட். எத்தனை ஒட்டு, எத்தனை இடுக்கு, எத்தனை மூலை என்று யோசித்துப் பாருங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில், இரண்டு தகட்டுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் நுழைகிறது. துரு பிடிக்கிறது. இரும்பு துருவானால் இளைக்காது, உப்பும். பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அது கேட்கும். இடுக்கில் இடம் ஏது? அதனால் இரண்டு தகட்டையும் நெம்பித் தள்ளுகிறது. ஆலஞ்செடி வேர் கோயில் மதிலைப் பிளப்பது மாதிரி, சத்தமில்லாமல். நெம்பிய வேகத்தில் ரிவிட் தலை தெறிக்கும். இடுக்கு இன்னும் பெரிதாகும். இன்னும் தண்ணீர் வரும்.

அத்தோடு உப்பு. சிட்னியில் கடல் காற்று. நியூகாஸிலில் வேறு மாதிரி உப்பு. பனிக்காலத்தில் ரோட்டில் ஐஸ் உறையாமல் இருக்க உப்பை அள்ளித் தூவுவார்கள். வெயிலில் பாலம் நீளவும் குளிரில் சுருங்கவும் வசதியாக அங்கங்கே இடைவெளி விட்டிருப்பார்களே, எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், பைக்கில் போகும்போது ‘தடக்’ என்று முதுகெலும்பில் தட்டுமே, அதன் வழியாக அந்த உப்புத் தண்ணீர் கீழே உள்ள இரும்பில் சொட்டிக்கொண்டே இருக்கும். எந்தப் பாலத்திலும் முதலில் கெடுவது ஜாயின்ட்டுக்கு நேர் கீழே இருக்கிற இரும்புதான்.

டைனில் கூடுதலாக ஒரு விருந்தாளி. கிட்டிவேக் என்கிற வெள்ளைக் கடல்பறவை. நடுக்கடலில் வாழ்கிற ஜாதி. கூடு கட்ட மட்டும் கரைக்கு வரும். செங்குத்தான கடலோரப் பாறையில் ஒண்டிக்கொண்டு முட்டையிடும். இதற்கு டைன் பாலமும் அதன் கோபுரங்களும் பாறையாகத் தெரிந்துவிட்டன. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே வந்து கிட்டிவேக் குடியிருப்பது உலகத்திலேயே இங்கேதான். நியூகாஸில்காரர்களுக்கு அதில் பெருமை. சட்டப் பாதுகாப்பும் உண்டு. கூட்டைக் கலைக்க முடியாது. ஆனால் பறவை என்றால் எச்சம் உண்டு. அந்த எச்சம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பெயின்ட்டைத் தின்கிறது.

நாம் சிரிக்க வேண்டாம். நம் ஹவுரா பாலத்தில் அந்த வேலையைச் செய்தது மனுஷன். ஹவுரா ஆர்ச் இல்லை, வேறு வகை. ஆனால் இரும்பு எங்கேயும் இரும்புதான். நடந்து போகிறவர்கள் வெற்றிலை, பான் என்று மென்று துப்பித் துப்பி, தொங்குதூண்களின் அடியில் மாட்டியிருந்த காப்புத் தகடு பாதியாக இளைத்துவிட்டது. கடைசியில் கண்ணாடியிழையால் உறை போட்டு மூடினார்கள்.

ஆகவே பெயின்ட் என்பது பாலத்துக்கு அலங்காரம் இல்லை. தோல். தோல் உரிந்தால் உள்ளே போகிற சமாச்சாரங்கள் மேலே சொன்னவை. சிட்னியில் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு 4,85,000 சதுர மீட்டர். அறுபது விளையாட்டு மைதானங்கள் அளவு. முதல் மூன்று கோட்டுக்கு 2,72,000 லிட்டர் பெயின்ட் செலவானது. ‘இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனைக்குப் போய் முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்’ என்று ஒரு கதை உலகத்தில் எல்லாப் பெரிய பாலத்துக்கும் உண்டு. உண்மையில் அப்படி வரிசையாக அடிப்பதில்லை. எங்கே கெட்டிருக்கிறதோ அங்கே. ஆனால் வேலை நின்றதில்லை என்பது நிஜம். ‘க்ரோக்கடைல் டண்டீ’ படம் ஞாபகம் இருக்கிறதா? அதன் ஹீரோ பால் ஹோகன், நடிகராவதற்கு முன் சிட்னி பாலத்து மேலேதான் வேலை பார்த்தார்.

இப்போது அங்கே ரோபோக்களும் சேர்ந்துவிட்டன. 2013-லிருந்து மணலை வேகமாகப் பீய்ச்சிப் பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு ரோபோ. பஸ் போகிற தடத்துக்குக் கீழே சுமார் 800 சின்னச் சின்னத் தாங்கு வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் 2,400 சென்சார்கள். எந்தத் தாங்கி வழக்கத்தைவிட அதிகமாக அதிர்கிறது என்று அது இருபத்துநாலு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும். தொண்ணூறு வயதுப் பாட்டிக்கு ஐ.சி.யூ. இல்லாமலே ஐ.சி.யூ. கவனிப்பு!

நியூகாஸிலில்? டைன் பாலத்துக்கு முழுசாகப் பெயின்ட் அடித்தது 2000-ஐ ஒட்டி. அதே பழைய பச்சை. அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் பெரிய பராமரிப்பு எதுவும் இல்லை. பச்சை வெளிறி, அங்கங்கே உரிந்து, துரு வழிந்து, காவிக் கோடு கோடாக இறங்கியது. ஊர் முத்திரை அந்தப் பாலம். நினைவுப் பொருள் கடையில் அது, டி.வி.யில் ஊர்ப் பெயர் வந்தால் அது. 1981-லிருந்து வருஷா வருஷம் நடக்கும் ‘கிரேட் நார்த் ரன்’ ஓட்டத்தில் ஆயிரமாயிரம் பேர் ஓடுவது அதன் மேல்தான். அத்தனை கேமராவும் அந்தத் துருவையும் சேர்த்துத்தான் காட்டியது.

ஒரே கம்பெனி, ஒரே காலம், ஒரே ஜாடை. ஒருத்திக்குத் தினமும் தலைவாரிப் பொட்டு வைக்கிறார்கள். இன்னொருத்தி பரட்டைத் தலையோடு நிற்கிறாள். ஏன்? சோம்பலா? அக்கறையில்லையா? நான் படித்தது பி.காம். என்னைக் கேட்டால் நான் லெட்ஜரைத்தான் பிரிப்பேன்.

சிட்னி பாலத்துக்கு ஒப்பந்தத் தொகை 42 லட்சம் பவுண்டு. முடிந்தபோது ஆனது 62 லட்சத்துக்கும் மேல். (கான்ட்ராக்ட் என்றாலே அப்படித்தான், இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை.) கடன் வாங்கிக் கட்டினார்கள். அடைக்க டோல் போட்டார்கள். காருக்கு ஆறு பென்ஸ். குதிரையில் போனால் மூன்று பென்ஸ். கடன் அடைந்தது எப்போது தெரியுமா? 1988-ல்! ஐம்பத்தாறு வருஷம். அடைந்த பிறகாவது டோலை எடுத்தார்களா? எடுக்கவில்லை. பக்கத்தில் கடலுக்கடியில் சுரங்கப்பாதை போடவும், பாலத்தைப் பராமரிக்கவும் என்று தொடர்ந்தது. சிட்னிக்காரர்கள் இதைத் திட்டாத நாள் இல்லை. கடன் முடிந்த பிறகும் வாங்கினால் நானும் திட்டுவேன். ஆனால் அந்தத் திட்டு வாங்கிய காசு இருக்கிறதே, அதற்குப் போக ஒரு வீடு இருக்கிறது. பாலத்துக்கென்று வருமானம், பாலத்துக்கென்று செலவு. அவளுக்குச் சொந்தமாகச் சம்பாத்தியம் இருக்கிறது.

டைன் பாலத்தில் டோல் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இல்லை. பக்கத்திலேயே 1849-ல் கட்டிய ‘ஹை லெவல்’ பாலத்தில் 1937 வரை சுங்கம் வாங்கினார்கள். புதுப் பாலத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா போகலாம். ஜனங்களுக்கு எவ்வளவு நல்ல விஷயம்! இருபதுகளில் அந்த வட்டாரத்தில் வேலையில்லாத் திண்டாட்டம். பாலத்து வேலையே பல குடும்பங்களில் அடுப்பு எரிய வைத்தது. அவர்களிடம் போய் சுங்கம் கேட்பது அநியாயமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சும்மா போகிற பாலத்துக்குச் சொந்த வருமானம் இல்லை. இரண்டு கரையிலும் இரண்டு கவுன்சில்கள். அவர்களுக்கு மேலே லண்டன். பெயின்ட்டுக்கு வேண்டிய காசு பள்ளிக்கூடம், முதியோர் கவனிப்பு, குப்பை வண்டி இவற்றோடு வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் பெயின்ட் எப்போதுமே கடைசி ஆள். ஏனென்றால் இந்த வருஷம் அடிக்காவிட்டால் இந்த வருஷம் ஒன்றும் ஆகாது.

எங்கள் வகுப்பில் ‘தேய்மானம்’ என்று ஒரு பாடம். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் இவ்வளவு கழித்துக்கொண்டே வர வேண்டும். கணக்கில் கழிப்போம். காசு எடுத்துத் தனியே வைப்போமா? அது வேறு பாடம். ‘தேய்மான நிதி’ என்று பெயர். பரீட்சைக்கு அவ்வளவாக வராது என்று முக்கால்வாசிப் பேர் படிக்காமல் விட்டுவிடுவோம். உலகத்துப் பாலங்களை எல்லாம் நிர்வகிப்பது அந்த முக்கால்வாசிப் பேர்தானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் ஒரு பாலம் காட்டிக் கொடுத்தது. 2022 ஜனவரி 28. பிட்ஸ்பர்க் நகரத்தில் ஃபெர்ன் ஹாலோ பாலம். சாய்வுக் கால்கள் வைத்த எஃகுப் பாலம், வயது ஐம்பதுகூட ஆகவில்லை. விடியற்காலையில் ஒரு பஸ், நாலு காரோடு அப்படியே பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, ஒருவரும் சாகவில்லை. விசாரணையில் வந்தது என்ன? மழைநீர் வடிகிற துவாரங்கள் அடைத்துக்கொண்டன. தண்ணீர் கால்கள் மேல் வழிந்துகொண்டே இருந்தது. கால்கள் அரித்துப் போயின. பரிசோதகர்கள் வருஷா வருஷம் ரிப்போர்ட் எழுதினார்கள். நகராட்சி அதன்படி எதுவும் செய்யவில்லை. வடிகால் துவாரத்தைத் துடைக்க எத்தனை டாலர் ஆகும்? இத்தனைக்கும், நாட்டின் பாலம், ரோடுகளைப் பற்றிப் பேசுவதற்காக ஜனாதிபதி பைடன் பிட்ஸ்பர்க்குக்கு வருவதாக இருந்தது. அதுவும் அதே நாள்!

டைன் அந்த நிலைக்குப் போகவில்லை. நாளைக்குச் சுமார் எழுபதாயிரம் வண்டிகளை அது தாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆர்ச் தாங்கும், அது அதன் பிறவிக் குணம். ஆபத்து வேறு இடத்தில். துரு வேலை செய்வது வட்டி மாதிரி, முதலில் மெதுவாக, பிறகு வட்டிக்கு வட்டி. பெயின்ட் உரிந்த உடனே அடித்தால் பெயின்ட்டோடு போகும். பத்து வருஷம் கழித்து வந்தால் தகடு மாற்ற வேண்டும், ரிவிட்டைப் பிடுங்கி போல்ட் போட வேண்டும், கல் வேலை பார்க்க வேண்டும், ஜாயின்ட் மாற்ற வேண்டும். செலவு அங்கேயும் நிற்காது. அந்தக் காலத்தில் இரும்புக்கு முதல் கோட்டாக அடித்தது ‘ரெட் லெட்’, ஈயம் கலந்த சிவப்பு பெயின்ட். துருவுக்கு அதைப் போல எதிரி கிடையாது. மனுஷனுக்கும் அப்படியே. ஈயம் விஷம். அன்றைக்குச் சுரண்டிய தூளை ஆற்றில் விட்டார்கள், காற்றில் விட்டார்கள். இன்றைக்கு ஒரு துளி வெளியே போகக்கூடாது. பாலத்தின் ஒவ்வொரு பகுதியையும் கூடாரம் மாதிரி மூடி, உள்ளே ஆட்கள் முகமூடி மாட்டிக்கொண்டு சுரண்டி, தூளை உறிஞ்சி எடுத்து, பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். பெயின்ட் அடிக்க ஆகிற செலவைவிட, அடிப்பதற்கு இடம் பண்ண ஆகிற செலவுதான் அதிகம்.

2022-ல் லண்டன் சரி என்றது. டைன் பாலத்துக்கும் அதை ஒட்டிய நெடுஞ்சாலைக்கும் சேர்த்து மூன்றரைக் கோடி பவுண்டு. கவுன்சில் பங்கு தனி. பேப்பரில் வந்தது, எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு கோப்பு நகர்ந்தது. நகர்ந்தது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். இறுதி ஒப்புதல் வந்தது 2024 ஜனவரியில். நடுவில் விலைவாசி எகிறியது. இரும்பு விலை, சாரம் கட்டுகிற கூலி, எல்லாம். ஒதுக்கிய தொகை அப்படியே இருக்க, வேலை மட்டும் விலை ஏறியது. 1928-ல் முழுப் பாலத்தையும் கட்ட ஆனது சுமார் 12 லட்சம் பவுண்டு. (அன்றைய பவுண்டும் இன்றைய பவுண்டும் ஒன்றில்லை என்பது தெரியும், லெட்டர் எழுதாதீர்கள்.)

2024 ஏப்ரலில் வேலை ஆரம்பமானது. இரண்டிரண்டாக ஓடிய தடம் போக ஒன்று, வர ஒன்று என்று சுருங்கியது. ஊரே நெரிசலில் விழிபிதுங்கியது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, நாலு வருஷத்துக்கு. 2028 அக்டோபர் 10 நூற்றாண்டு. அதற்குள் சாரத்தைப் பிரித்துவிட்டுப் பச்சைப் பளபளப்போடு நிறுத்த வேண்டும் என்பது திட்டம்.

இந்தப் பாலத்தைப் பெற்ற கம்பெனி இப்போது பழைய உருவத்தில் இல்லை. டார்மன் லாங் 1967-ல் தேசியமயமாகி பிரிட்டிஷ் ஸ்டீலுக்குள் போய்விட்டது. அந்த வட்டாரத்தில் இரும்பு உருக்கிய கடைசிப் பெரிய உலை, ரெட்காரில் இருந்தது, 2015-ல் அணைந்தது. மிச்சமாக ‘டார்மன் லாங்’ என்று பெரிய எழுத்தில் எழுதிய ஒரு கான்கிரீட் கோபுரம் நின்றது. 2021 செப்டம்பரில் அதை நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். சில நாளிலேயே அமைச்சர் மாறினார், அறிவிப்பை ரத்து செய்தார்கள், அதே மாதம் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆக, 1928-ல் அடித்த அதே மாதிரி ரிவிட் இன்று வேண்டுமென்றால் தயாரித்தவர்களிடம் போய்க் கேட்க முடியாது. கழன்ற இடத்தில் போல்ட் போடுவதுதான் எங்கும் வழக்கம்.

சாரம் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு காலண்டரும் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அட்லாண்டிக்கில் சுற்றும் கிட்டிவேக்குகள் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நேராகப் பழைய கூட்டுக்கே திரும்பி வரும். குஞ்சு பொரித்து, பறக்கப் பழக்கி, ஆகஸ்ட் வாக்கில்தான் கிளம்பும். அதுவரை அவை உட்காரும் விளிம்புகளை மூடாமல் சாரம் கட்ட வேண்டும். பக்கத்துப் பகுதியில் மணல் பீய்ச்சலாம், இந்தப் பகுதியில் கை வைக்கக்கூடாது. எந்தத் தகட்டை எந்த மாதத்தில் சுரண்டுவது என்பதைப் பாதிக்குப் பாதி முடிவு செய்வது அந்தப் பறவைகள்தான். அவை இதுவரை வாடகை கொடுத்ததில்லை.